பாயாஜி வழியா 15 மைல்

மோரேல சாப்பிட்ட இட்லியில இருந்தே ஆரம்பிக்கிறேன். 2018 டிசம்பர் 27, காலையில 6 மணி, மணிப்பூரோட கடைசி ஊரு அது, அந்தப் பக்கம் பர்மா. இம்பால்ல இருந்து 110 கிலோமீட்டர், மலை ஏறி மலை இறங்கி 2 நாள் மிதிச்சு முந்தின நாள் பொழுது சாயத்தான் வந்து சேர்ந்திருந்தேன், தொடை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. சைக்கிளைச் சுவத்துல சாய்ச்சுட்டு ஒரு சின்னக் கடைக்குள்ள போனா, கடைக்கார அக்கா என் மூஞ்சியைப் பார்த்த உடனே "வாங்க தம்பி, சூடா இருக்கு, உக்காருங்க"ன்னாங்க. தமிழான்னு கேக்கக்கூட இல்லை. தட்டுல இட்லி, சாம்பார், பக்கத்துல பர்மாக்காரங்க போடுற மாதிரி காஞ்ச மிளகாய் வறுத்துப் பொடிச்ச ஒரு தூள். தெருவுல அந்தப் பக்கம் அங்காள பரமேஸ்வரி கோவில் கோபுரம் தெரியுது.

இவங்க எப்படி இங்க வந்தாங்கங்கிறது பலருக்குத் தெரியாது. 1962ல நே வின் ஆட்சியைப் பிடிச்சு, அடுத்த ரெண்டு வருஷத்துல கடை, வங்கி, வியாபாரம்னு எல்லாத்தையும் அரசுடைமை ஆக்கி, 1964 மே மாசம் 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னும் அறிவிச்சாச்சு, லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க கிளம்பி வந்தாங்க, அந்தக் கதை சென்னையில பர்மா பஜார்ல அத்தோ சாப்பிட்ட எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனா அப்படி வந்தவங்கள்ல கொஞ்சப் பேருக்குத் தமிழ்நாட்டுல கால் பாவலை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் பர்மா, முகாம்ல எத்தனை நாள் உக்காந்திருக்கிறது, நடந்தாவது திரும்பிப் போயிடுவோம்னு மணிப்பூர் வழியா வந்திருக்காங்க, எல்லையில விடலை, அப்படியே மோரேல குடிசை போட்டுத் தங்கிட்டாங்க. அக்காவோட அப்பா அப்படி வந்தவர்தானாம். "எங்க அப்பாரு சாகுற வரைக்கும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நாற்காலியைப் போடுவாரு"ன்னு சொன்னாங்க.

அந்த எல்லையை 2018 ஆகஸ்ட் 8லதான் பாஸ்போர்ட் விசா வச்சிருக்கவங்க முறைப்படி தாண்டிப் போற மாதிரி திறந்தாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே நான் என் கூட்டாளிக்கு போன் பண்ணேன். அவனும் நானும் சிங்கப்பூர்ல ஒரே கட்டுமான கம்பெனியில 6 வருஷமா வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா சைக்கிளை எடுத்துட்டு ஜொகூர் பக்கம் போயிடுவோம். அவன் பர்மாத் தமிழன். பெகுவுக்குப் பக்கத்துல, இப்ப பகோன்னு எழுதுறாங்களே அங்க, பாயாஜிங்கிற முக்குரோட்டுல இருந்து 5 மைல் உள்ள அவன் கிராமம். அவனுக்கு 2 பேரு, பள்ளிக்கூடத்துல பர்மியப் பேரு, வீட்டுலயும் கோவில்லயும் தமிழ்ப் பேரு, அங்க முக்காவாசித் தமிழாளுங்களுக்கு அப்படித்தான். "மோரேல இருந்து உங்க ஊருக்கு சைக்கிள்ல போவோமாடா"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "பொங்கலுக்குப் போய்ச் சேர்ற மாதிரி கணக்குப் போடு மாப்ள"ன்னான். அவன் வீட்டுக்குப் போயி 4 வருஷம் ஆகியிருந்துச்சு.

நான் ஏன் இந்த ரோட்டைக் கேட்டேன்னு சொல்லணும். எங்க ஐயா, அப்பாவைப் பெத்தவர், தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர்ல இருந்து 17 வயசுல ஒரு மேஸ்திரியோட கப்பலேறி ரங்கூன் போனவர். பசுந்தாங் ஓடைக்கரையில வரிசையா அரிசி ஆலைங்க இருந்துச்சே, அதுல ஒண்ணுல மூட்டை தூக்குறது. அப்ப ரங்கூன்ல ஜனத்தொகையில பாதிக்கு மேல இந்தியருங்கதான். 1941 டிசம்பர் 23ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டதும் ஐயாவும் அவர் தம்பியும் கிளம்பிட்டாங்க. மண்டலே வரைக்கும் ரயிலு, அங்க இருந்து மொனிவா, கலேவா, தம்மு, அப்புறம் மணிப்பூர் மலை, எல்லாம் நடை. மோரேக்கு எதிர்ல பர்மாப் பக்கம் இருக்கிற தமுங்கிற ஊரை ஐயா தம்முன்னுதான் சொல்லுவாரு. 1942ல அந்த வழியா நடந்தவங்கள்ல பல்லாயிரம் பேர் காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் ரோட்டோரமே போயிட்டாங்க. ஐயா ஊருக்கு வந்து சேர்ந்தாரு, அவர் தம்பி வரலை. "தம்முல விட்டுட்டு வந்தேன்"கிறது மட்டும்தான் அவர் எங்ககிட்ட சொன்னது. விட்டுட்டுன்னா உயிரோடவா, இல்லையான்னு கேக்க எங்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

ஐயா மேற்க நடந்த வழியில நான் கிழக்க போகப்போறேன். அவ்வளவுதான் என் திட்டம்.

பாலத்தைத் தாண்டி முத்திரை வாங்கிட்டு வெளிய வந்தா கூட்டாளி கைலி கட்டிக்கிட்டு நிக்கிறான். மண்டலே வழியா பஸ் மேல சைக்கிளை ஏத்தி முந்தின நாளே தமு வந்துட்டான். ஊருக்குப் போயி அம்மாவைப் பார்த்துட்டு வந்திருக்கலாம்லடான்னேன். "போனா விட மாட்டாங்க, சைக்கிள்லயே போய் வாசல்ல நிக்கணும்"னான். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சோம், பர்மாவுல நம்மளைவிட ஒரு மணி நேரம் கூட. ஊரைத் தாண்டுற இடத்துல ஒரு வாய்க்கால், ஓரத்துல பெரிய தேக்கு. நான் நிறுத்துனேன். எங்கயாவது ஒரு கல்லு, ஒரு பலகை இருக்குமான்னு தேடலை, இருக்காதுன்னு தெரியும். கூட்டாளி ஒண்ணும் கேக்கலை. அவன் பாட்டில்ல இருந்து தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா, நூலு மாதிரி, மண்ணுல ஊத்துனான். பர்மாவுல செத்தவங்களுக்குப் புண்ணியம் போய்ச் சேரட்டும்னு அப்படி ஊத்துவாங்க. நம்ம வீட்டுல எள்ளும் தண்ணியும் இறைக்கிறோமே, பார்க்க அதே மாதிரிதான் இருந்துச்சு. எங்க சின்னையாவுக்கு 76 வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தன் தண்ணி ஊத்துனான், அவனும் தமிழ்ல பேசுறவன், அவனும் இந்த மண்ணுக்காரன், அதுக்கு மேல எனக்கு அங்க நிக்கத் தோணலை.

தமுல இருந்து கலேவா வரைக்கும் ரோடு நம்ம எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் கொடுத்தது, 2001ல திறந்தாங்க, நட்புறவுச் சாலைன்னு பேரு. தார் நல்லா இருக்கும், பாலம்தான் சோதனை. மொத்தம் 69 பழைய பாலத்தை மாத்திக் கட்டணும்னு திட்டம் ஓடிட்டு இருந்துச்சு, நாங்க போனப்ப பெரும்பாலும் பழசுதான், ஒரு வண்டி மட்டும் போற மாதிரி இரும்புப் பாலம், மேல பலகை. பலகைக்கு நடுவுல நீளவாக்குல இடைவெளி இருக்கும், சைக்கிள் டயர் சரியா அதுல போய் உக்காந்துக்கும். என்னுது 38 எம்எம் டயர், கூட்டாளியோடது 26 இஞ்ச் பழைய மவுண்டன் பைக், அதுல 2 இஞ்ச் டயர். அவன் மிதிச்சுட்டே போவான், நான் ஒவ்வொரு பாலத்துக்கும் இறங்கித் தள்ளுவேன். யாராவது இந்த மாதிரி நாட்டுக்கு டூரிங் போறதா இருந்தா டயர் அகலமா போடுங்க, வேகம் போனாப் போகுது. அதைவிட முக்கியம் சக்கரம் 26 இஞ்சா இருக்கிறது, பர்மாவுல எந்தக் கிராமத்துக் கடையிலயும் அந்த டியூப் தொங்கும், என் சைஸுக்கு மண்டலேலயே அலைஞ்சுதான் ஒண்ணு கிடைச்சுது.

கலேவாவுல சிந்துவின் ஆத்தைத் தாண்டி யாஜிங்கிற ஊரு வரைக்கும் 120 கிலோமீட்டர். அந்த 120க்கு எங்களுக்கு 3 நாள் ஆச்சு. ரோட்டை அகலப்படுத்துற வேலை நடக்குது, மலையைச் சீவி மண்ணை ரோட்டுல கொட்டியிருக்காங்க, கணுக்கால் வரைக்கும் மாவு மாதிரி புழுதி, லாரி போச்சுன்னா முன்னாடி போறவன் முதுகு 2 நிமிஷத்துக்குத் தெரியாது. ஏத்தத்துல மிதிக்க முடியாது, பின் சக்கரம் வழுக்கும், இறங்கித் தள்ளணும், பின்னாடி 14 கிலோ பை. ரெண்டாவது நாள் மத்தியானம் என் பின் சக்கரத்துல டிங்னு ஒரு சத்தம். ஸ்போக்ஸ் கம்பி ஒண்ணு அத்துப்போச்சு, அதுவும் செயின் இருக்கிற பக்கம். அந்தப் பக்கம் கம்பி மாத்தணும்னா பல்சக்கரத்தைக் கழட்டணும், கழட்டுற டூல் எங்ககிட்ட இல்லை. அது என் தப்பு, எடை குறைக்கணும்னு வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்.

கூட்டாளி சைக்கிளைத் தலைகீழா நிறுத்துனான். ஸ்பேர் கம்பி ஒண்ணை எடுத்து அதோட தலையை நறுக்கி, குறடுல பிடிச்சு நுனியை இசட் மாதிரி வளைச்சான். பல்சக்கரத்தைக் கழட்டாமலே அந்தக் கொக்கியை ஹப்போட ஓட்டைக்குள்ள பக்கவாட்டுல நுழைச்சு மாட்டி, மறு நுனியை நிப்பிள்ல திருகி, விரலால தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு டைட் வச்சான். பக்கத்துக் கம்பிங்களோட சத்தமும் இதோட சத்தமும் ஒண்ணா வர்ற வரைக்கும் விடலை, முக்கா மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தான். அந்தக் கொக்கிக் கம்பியிலதான் நான் மிச்சம் 800 கிலோமீட்டருக்கு மேல போனேன். இன்னைக்கும் அந்தக் கம்பியை எடுத்து வச்சிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ் எதுவும் எட்டுற தூரத்துல இல்லை. பர்மாவுல அப்ப வெளிநாட்டுக்காரங்க லைசென்ஸ் உள்ள ஹோட்டல்ல மட்டும்தான் தங்கணும், கூடாரம் போடக்கூடாது, யார் வீட்டுலயும் தங்கக்கூடாது. ஒரு பௌத்த மடத்துல போய்க் கூட்டாளி பேசினான், பெரிய சாமியார் தலையை ஆட்டுனாரு, மரத் தரையில பாய் கொடுத்தாங்க. 9 மணிக்கு ஒரு ஆபீசர் மோட்டார் சைக்கிள்ல வந்து என் பாஸ்போர்ட்டை போன்ல படம் எடுத்துட்டு, மரியாதையாவே, நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. கூட்டாளியோட அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தாரு. அட்டையையே ரொம்ப நேரம் பார்த்தாரு.

அந்த அட்டையைப் பத்தி எனக்கு 6 வருஷப் பழக்கத்துல அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மடத்துல கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டுத்தான் சொன்னான். 1982ல ஒரு குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, 1823க்கு முன்னாடியே இந்த நாட்டுல இருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை, மத்தவங்களுக்கு இணைக் குடிமகன், ஏற்கப்பட்ட குடிமகன்னு கீழ்ப்படி. முழுக் குடிமகனுக்கு ரோஸ் கலர் அட்டை, அடுத்ததுக்கு நீலம், அதுக்கு அடுத்தது பச்சை. அட்டையில இனம் என்ன, மதம் என்னன்னு எழுதியிருக்கும். மூணாவது தலைமுறைக்குத்தான் முழு உரிமை. அவன் அப்பா நீல அட்டையோட செத்தாரு. அவன் ஆயாவுக்கு ரொம்ப வருஷம் எந்த அட்டையும் இல்லை. இவன் ரோஸ் அட்டை வாங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது 3 வருஷம். "உங்க ஐயா நடந்தாரு, எங்க ஐயா நடக்கலை, நாங்க அட்டைக்கு நடந்தோம்"னான். அவன் கோவமா சொல்லலை, ரொம்ப நாளா தனக்குள்ளயே சொல்லிட்டிருந்த ஒண்ணு மாதிரி சொன்னான். எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை. கிளம்பி வந்தவங்க கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான், எங்க தெருவே அந்தக் கதைதான். கிளம்பாம நின்னவங்களைப் பத்தி எனக்கு ஒரு கதையும் தெரியாதுங்கிறதே எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

யாஜி தாண்டினதும் ரோடு இறங்கி, நிலம் காஞ்சு, மரமெல்லாம் மாறி, திடீர்னு பார்த்தா ரெண்டு பக்கமும் பனைமரம். சிவகங்கைப் பக்கம் வந்துட்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. மூங்கில் ஏணி சாத்தி ஏறுறாங்க, கீழ அடுப்புல பதநீ கொதிக்குது, கருப்பட்டியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வச்சிருக்காங்க. நாங்க ஒரு வீசை வாங்கினோம். ஆமா, வீசை, அங்க சந்தையில இன்னைக்கும் வீசைக் கணக்குத்தான், ஒரு வீசை ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, நம்ம ஊர்ல எங்க அப்பத்தாவோட போயிடுச்சு அந்தக் கணக்கு. ஹேண்டில்பார் பையில கருப்பட்டியைப் போட்டுக்கிட்டு ஏத்தம் வரும்போதெல்லாம் ஒண்ணு வாயில. எனர்ஜி பார் எதுவும் இதுக்குக் கிட்ட வராது.

அப்புறம் பானை. இதைச் சொல்லாம இருக்க முடியாது. பர்மா முழுக்க ரோட்டோரத்துல, மரத்தடியில, சின்னதா ஒரு கூரை போட்டு, பலகை மேல 2, 3 மண்பானை, மூடி, மேல ஒரு குவளை. யார் வேணா குடிக்கலாம், யாரோ தினமும் ரொப்பி வைப்பாங்க. நம்ம தண்ணீர்ப் பந்தல் கோடையில மட்டும், அதுவும் கட்சிக்கொடியோட. அங்க வருஷம் பூரா, யார் வச்சாங்கன்னு பேரு இருந்தாலும் சின்னதா இருக்கும். மொனிவா போற ரோட்டுல வெயில் 11 மணிக்கு மேல மண்டையைப் பிளக்கும், 3 லிட்டர் தண்ணி 30 கிலோமீட்டருக்குக் காணாது, அந்தப் பானைங்கதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துச்சு. வெளிநாட்டுத் தண்ணியைக் குடிச்சா வயித்துக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் வடிகட்டுற பாட்டில் வச்சிருந்தேன், முதல் 2 நாள் வடிகட்டினேன், அப்புறம் அப்படியே குடிச்சேன், ஒண்ணும் ஆகலை. எங்க ஐயா சாப்பிடும்போது சோத்தைத் தொடுறதுக்கு முன்னாடி செம்புத் தண்ணியைப் பார்ப்பாரு, செம்புல தண்ணி இல்லைன்னா இலைக்கு முன்னாடி உக்காரவே மாட்டாரு. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அப்படித்தான். வீம்புன்னு நினைச்சிருந்தோம்.

மொனிவாவுல ஒரு நாள் ரெஸ்ட், துணி துவைச்சோம், செயினை மண்ணெண்ணெய்ல கழுவினோம். அங்க இருந்து மண்டலே 136 கிலோமீட்டர், ரெண்டு நாள். சகாயின்ல ஐராவதியைப் பழைய ஆவா பாலத்து வழியா தாண்டினோம். 1934ல கட்டின பாலம், நடுவுல ரயில், ரெண்டு ஓரத்துலயும் ரோடு. 1942ல பிரிட்டிஷ்காரன் பின்வாங்கும்போது ரெண்டு கண்ணியை வெடி வச்சுத் தகர்த்துட்டுப் போனான், 1954லதான் சரி பண்ணாங்க. ஐயா அதுக்கு முன்னாடியே நடந்து போயிட்டாரு, அவர் கால் பட்ட பாலம், நான் இறங்கித் தள்ளிட்டே போனேன், கைப்பிடியைத் தொட்டுக்கிட்டே. கீழ தண்ணி வெள்ளி மாதிரி, அந்தப் பக்கம் குன்றெல்லாம் வெள்ளையும் தங்கமுமா பகோடா. 2025 மார்ச் 28ல வந்த 7.7 நிலநடுக்கத்துல அந்தப் பாலம் ஆத்துல விழுந்துருச்சு. வீடியோவை நான் ஆபீஸ்ல பார்த்தேன், பார்த்துட்டு படிக்கட்டுல போய் உக்காந்துட்டேன். நாங்க போன ரோடே இப்ப இல்லைன்னு சொல்லலாம். 2021 பிப்ரவரி 1ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் கலே, மொனிவா, சகாயின் பக்கமெல்லாம் சண்டை. மோரேலயும் 2023 கலவரத்துல வீடுங்க எரிஞ்சுது. அந்த இட்லிக்கடை அக்கா எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை.

மண்டலேல தெருவோரம் ஒரு தள்ளுவண்டி, கல்லுல தோசை. பர்மியப் பேச்சுல தோசையைத் தோஷேம்பாங்க, தோன்னா குட்டை, ஷேன்னா நீளம், குட்டை நீளம்னு அவங்க பாஷையில ஒரு அர்த்தமும் ஆகிப்போச்சு. உள்ள வேகவச்ச பட்டாணி, தக்காளி, கோஸ் போட்டு மடிக்கிறாங்க. வண்டிக்காரப் பெரியவர் கூட்டாளிகிட்ட பர்மியத்துல பேசிட்டே இருந்தவர், நான் "இன்னொண்ணு போடுங்கய்யா"ன்னதும் கரண்டியை அப்படியே பிடிச்சுட்டு நின்னுட்டாரு. "எந்த ஊரு?" தேவகோட்டைன்னேன். "எங்க அம்மாவுக்குத் திருவாடானை"ன்னாரு. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. காசு வாங்க மாட்டேன்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு.

மண்டலேக்குத் தெற்க எங்க நாள் ஒரே மாதிரி போச்சு. அஞ்சரைக்குக் கிளம்புறது, 8 மணிக்கு டீக்கடை, மேசை மேல பிளாஸ்க்ல பச்சைத் தேயிலைத் தண்ணி சும்மாவே இருக்கும், அதைக் குடிச்சுட்டு மொகிங்காங்கிற மீன் குழம்பு நூடுல்ஸ், பருப்பு வடை பிச்சுப் போட்டு, 11 மணிக்குள்ள 60 கிலோமீட்டர். புது எக்ஸ்பிரஸ் ரோட்டுல சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பழைய ஒண்ணாம் நம்பர் ரோடுதான், அதுவே நல்லது, தூங்குமூஞ்சி மரம் ரெண்டு பக்கமும் குடை பிடிக்கும். மைல்கல்லு எல்லாம் மைல்லதான், எண்ணும் பர்மிய எண்ணு, வட்டம் வட்டமா, கூட்டாளி டீக்கடை மேசையில தண்ணியைத் தொட்டு எழுதிக் காட்டுவான். ஆனா இந்த ரோட்டுல பஸ்ஸுக்குப் பயப்படணும். 1970ல வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடணும்னு மாத்திட்டாங்க, ஓடுற வண்டியோ பெரும்பாலும் ஜப்பான்ல இருந்து வந்த பழசு, ஸ்டியரிங்கும் வலது பக்கமே. டிரைவர் ரோட்டு ஓரத்துல உக்காந்திருக்கான், முன்னாடி போற லாரியைத் தாண்டணும்னா எதிர்ல என்ன வருதுன்னு அவனுக்குத் தெரியாது, வண்டி பாதி வெளிய வந்த அப்புறம்தான் பார்ப்பான். எதிர்ல வர்றது நாங்க. 2 தடவை மண்ணுல இறங்கி விழுந்திருக்கேன். மெய்க்திலா, யமெதின், ப்யின்மனா, தவுங்கூன்னு ஊருங்க ஒவ்வொண்ணா போச்சு, தலைநகரம் நேபிடாவுக்குள்ள நாங்க போகவே இல்லை.

தவுங்கூ தாண்டின அப்புறம் கூட்டாளி பேசுறது குறைஞ்சுது. வேகம் கூடுச்சு. நான் பின்னாடி 200 மீட்டர்ல வருவேன், அவன் திரும்பிப் பார்க்கிறதைக்கூட மறந்துட்டான். ஜனவரி 14, போகி அன்னைக்கு மத்தியானம் 3 மணிக்குப் பாயாஜி முக்கு. நேரா போனா பகோ 10 மைல், இடது பக்கம் போனா சித்தாங் ஆறு, மோல்மேன். நாங்க ரெண்டும் இல்லாம ஒரு மண் ரோட்டுல திரும்பினோம்.

நெல்லு அறுத்த வயல் எல்லாம் பச்சையா இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா உளுந்து. ஈரம் காயுறதுக்குள்ள தாளுக்கு நடுவுலயே விதைச்சுடுவாங்களாம். நம்ம இட்லிக்குப் போற உளுந்துல ஒரு பங்கு இந்த மண்ணுல விளையறதுதான். 2017 ஆகஸ்ட்ல இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு வச்சப்ப இங்க விலை தரையில விழுந்துச்சு, அந்த வருஷம் தங்கச்சி கல்யாணத்தைத் தள்ளி வச்சோம்னு கூட்டாளி சைக்கிளை மிதிச்சுக்கிட்டே சொன்னான். அந்த வருஷம் சிங்கப்பூர்ல அவன் ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தான், சைக்கிள் எடுக்க வர மாட்டேன்னான், நான் என்னடா இவன்னு கோவிச்சுக்கிட்டேன். காரணம் இந்த வயல்ல கிடந்திருக்கு.

வாசல்ல அவன் அம்மா சாணி தெளிச்சுட்டு நின்னாங்க. இவன் சைக்கிளை ஸ்டாண்டு போடலை, அப்படியே கீழ போட்டுட்டுப் போனான். நான் வேலி ஓரத்துலயே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியலை, புள்ளைங்கள்லாம் வந்து என் பெல்லை அடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆயாவுக்கு 88 வயசுன்னாங்க. கண்ணு சரியாத் தெரியாது. என் கையைப் பிடிச்சுத் தடவிப் பார்த்து, "தேவகோட்டையா, எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க, அவங்க போனதே இல்லாத ஊரு, அவங்க மாமியார் சொல்லித் தெருப் பேரெல்லாம் மனப்பாடம். நான் மடத்துல படுத்ததுல இருந்து மனசுல இருந்த கேள்வியைக் கேட்டேன். 64ல எல்லாரும் கப்பலேறினப்ப நீங்க ஏன் ஆயா போகலை? அவங்க ரொம்ப நேரம் யோசிக்கலை. "எங்களுக்கும் சீட்டு வந்துச்சு. அப்ப கதிரு பால் பிடிச்சு நிக்கிது. அறுத்துட்டுப் போவோம்னு நின்னோம். நின்னுட்டோம்."

ராத்திரி சாப்பாடு ஆனதும் அம்மா எனக்குப் பாய் விரிச்சுட்டாங்க, புதுப் போர்வை, மடிப்புக் கலையாதது. அப்பத்தான் ஊர்த் தலைவர்கிட்ட இருந்து ஒரு பையன் வந்தான். வெளிநாட்டு ஆளு தங்குறதா தெரிஞ்சா வீட்டுக்காரங்களுக்குத்தான் பிரச்சனை, தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொன்னான். அம்மா அவன்கிட்ட பர்மியத்துல கெஞ்சுனாங்க, என்னன்னு புரியலை, "மகன்"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் தமிழ்ல வந்துச்சு. நான் பையை எடுத்து மாட்ட ஆரம்பிச்சேன். இந்த வீட்டுல ஏற்கனவே ஒரு ஆயுசு பூரா அட்டைக்குப் பயந்து இருந்தாச்சு, என்னால இன்னொரு பயம் வேணாம். பாயாஜிக்கு 5, அங்க இருந்து பகோ 10, மொத்தம் 15 மைல், லைட் இருக்கு, நான் போயிக்கிறேன், நீ இருடான்னேன்.

கூட்டாளி கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவன் சைக்கிளை எடுத்தான்.

4 வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்க, முதல் ராத்திரிடா, அம்மா மூஞ்சியைப் பாருடான்னு நான் கத்தினேன். அம்மாதான் எனக்குப் பதில் சொன்னாங்க, "இருட்டுல தனியா அனுப்புவோமா தம்பி, அவன் வருவான்." சொல்லிட்டு ஒரு தூக்குல புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டி என் பையில திணிச்சாங்க. ஆயா உள்ள இருந்து, விடியக்காலம் பானை பொங்குறதுக்குள்ள வந்துரணும்னு குரல் கொடுத்தாங்க.

மண் ரோட்டுல அவன் முன்னாடி, நான் பின்னாடி. பனி இறங்கி உளுந்து வாசம் அடிச்சுது. வழியில எங்கயோ போகிக்குக் கொளுத்தின நெருப்பு அணையாம கிடந்துச்சு. பாயாஜி முக்குல நிறுத்தி ஒரு பானையில தண்ணி குடிச்சோம். குவளையை அவன் முதல்ல என்கிட்ட நீட்டினான். ரெண்டு பேரும் எதுவும் பேசிக்கலை. பதினொண்ணே காலுக்கு ஹோட்டல், வெளிநாட்டு ரெஜிஸ்டர்ல நான் எழுதினேன், உள்நாட்டு ரெஜிஸ்டர்ல அவன் எழுதினான், ஒரே ரூம் கொடுத்தாங்க.

3 மணிக்கு நான் முழிச்சுப் பார்த்தப்ப பக்கத்துக் கட்டில் காலி. வராந்தாவுல பல்பு வெளிச்சத்துல உக்காந்து என் பின் சக்கரத்துக் கம்பிங்களை ஒவ்வொண்ணா விரலால தட்டிச் சத்தம் கேட்டுட்டு இருந்தான்.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு மாப்ள. காத்துதான் கம்மி, பம்பை எடு. 6 மணிக்குப் பானை வைப்பாங்க."